உரலுக்குள் ஒரு கை

ஜின்பெய்க்குக் கொழுப்பு. மெருகு போட்டுச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. பத்தொன்பது வயது, இடுப்பில் இரண்டு வாள், எங்கள் ஹோரினோ கோட்டையின் வடக்கு வாசல் காவலர் இசோபே ரொகுசுகேயின் ஒரே மகன். படி குறைச்சல், மானம் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும் குடும்பம். ஆனால் பையன் கையில் மரவாளைக் கொடுத்துவிட்டால் எவனும் கிட்டே போக முடியாது. அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

அந்த வருஷம் புத்தாண்டு மாதம் பதினோராம் நாள், ஷிராயிவா ஆசானின் வாள் பயிற்சிக்கூடத்தில் கண்ணாடி மோச்சி திறக்கும் சடங்கு. ஒட்டரிசிச் சோற்றை இடித்துத் திரட்டிய இரண்டு பெரிய வட்ட மோச்சி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கவசத்துக்கு முன்னால் பத்து நாள் உட்கார்ந்திருந்து கல்லாக இறுகிப் போயிருக்கும். அதை மரச்சுத்தியால் தட்டித் தட்டிப் பிளந்து, துண்டுகளைச் சிவப்புப் பயறுக் கஞ்சியில் போட்டு எல்லோருக்கும் கொடுப்பார்கள். கத்தி மட்டும் அதன்மேல் படவே கூடாது. வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் சாமுராய்ச் சாதி நாங்கள். வருஷத் தொடக்கத்தில் அந்த ஞாபகம் வேண்டாம் என்றுதான் 'வெட்டு' என்ற சொல்லைக்கூட அன்றைக்கு யாரும் வாயில் எடுப்பதில்லை. 'திறப்பது' என்றுதான் சொல்வோம்.

அன்று காலை ஜின்பெய் நான்கு மூத்த சீடர்களை வரிசையாகத் தோற்கடித்திருந்தான். மேலே இரண்டு கிண்ணம் சாக்கே மது வேறு. தலைமைச் சீடன் மொன்யா சுத்தியை வைத்துக்கொண்டு டொக் டொக்கென்று தட்டுகிறான், மோச்சியில் கீறல்கூட விழவில்லை.

"என்னண்ணே, கதவு தட்டுறீங்களா? உள்ளே யாரும் இல்லைபோல" என்றான் ஜின்பெய்.

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனைக் கெடுத்தது. "தள்ளுங்க" என்று முன்னால் வந்தான், குட்டை வாளை உருவினான், ஒரே வீச்சு. மோச்சி இரண்டும் வெண்ணெய்போல் இரு பக்கமும் விழுந்தன. அவ்வளவு சுத்தமான வீச்சு! கைதட்டல் வரும் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

அறுபது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுவும் யார் வீட்டில்? ஆசானின் அண்ணன், பிரபுவின் கட்டளைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்த வீட்டில். அந்த அண்ணனின் கவசத்துக்கு முன்னால்தான் மோச்சி வைத்திருந்தது.

ஷிராயிவா எழுந்தார். ஐம்பது வயது, குட்டையான மனிதர், தடித்த கழுத்து. குரலை உயர்த்தவில்லை. "மரவாளை எடு" என்றார்.

ஜின்பெய் எடுத்தான். பொய் சொல்வானேன், உள்ளுக்குள் அவனுக்குச் சந்தோஷம். ஆசானோடு மோத மூன்று வருஷமாகக் காத்திருந்தான்.

ஷிராயிவாவின் மூன்றடி என்றால் பக்கத்து ஊர்களிலும் தெரியும். முதல் அடி உன் வாளை இறக்கும், இரண்டாவது உன் கையை மரக்க வைக்கும், மூன்றாவது தலைக்கு வரும். மூன்றும் மேலிருந்து வரும் நேரான அடிகள், ஒளிவுமறைவே கிடையாது. தெரிந்தும் முப்பது வருஷமாக யாரும் தடுத்ததில்லை. ஜின்பெய் முதல் அடியைத் தடுத்தான், இரண்டாவதையும் தடுத்தான், மூன்றாவது வருவதற்குள் அவன் வாள் கூரை உத்தரத்தில் பட்டுக் கீழே உருண்டது. ஆசானின் மரவாள் அவன் நெற்றிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"வெளியே போ."

அத்தோடு வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் கதையே வேறு. இவன் வாசலில் நின்று கத்தினான். "கல்லு மாதிரி இருந்துச்சு, வெட்டினேன்! அதுல என்ன தப்பு? அடுத்த வருஷம் இதே நாள் வருவேன், உங்களை ஜெயிப்பேன்! தோத்தா என் ரெண்டு வாளையும் இங்கேயே வெச்சுட்டுப் போறேன்!"

அறுபது சாட்சிகள். சாமுராய் சொன்ன சொல். வாளை வைத்துவிட்டுப் போனால் அப்புறம் அவன் சாமுராயே இல்லை. சொன்ன பிறகுதான் ஜின்பெய்க்கே தூக்கிவாரிப் போட்டது.

"சரி. ஒரே தடவை" என்றார் ஷிராயிவா. பிறகு சுவரின் பக்கம் நடந்தார். அங்கே கூடத்தில் சேர்ந்தவர்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்கும். ஜின்பெய்யின் பலகையைக் கழற்றினார். அத்தோடு நிற்காமல் மேல்வரிசையில் இருபத்தைந்து வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த ரொகுசுகேயின் பலகையையும் கழற்றி, இரண்டையும் அவன் கையில் கொடுத்தார். மகனுக்காக உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அப்பாதானே.

வீட்டில் ரொகுசுகே திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மகன் நீட்டிய இரண்டு பலகைகளையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "என் பேரு அந்தச் சுவத்துல ஏறுற வரைக்கும் முன்வாசல் உனக்கு இல்லே" என்றார். முழங்கால் வலியோடு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

மூன்று நாள் ஜின்பெய் கோயில் மண்டபத்தில் படுத்தான். நாலாம் நாள் பசி தாங்காமல் பாலத்தடி மோச்சிக் கடைக்குப் போனான். கடைக்காரி ஓஷிமாவுக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் செத்தபின் தனியாகவே கடையை நடத்துகிறவள். வாய் மிளகாய்.

"இசோபே வீட்டு வாளய்யா நீங்கதானா?" என்று ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணாடி மோச்சிய வெட்டினவரு?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்த மோச்சி யாரு செஞ்சதுன்னு நெனச்சீங்க? எட்டு வருஷமா நான்தான் அங்கே கொடுக்கிறேன். நேத்து ஆள் அனுப்பிட்டாங்க, கத்தி பட்ட மோச்சி உங்க கடையோடது, ராசியில்ல, இனிமே வேண்டாம்னு. அங்கே போச்சுன்னா கோட்டையில பாதி வீடு போச்சு. உங்க வீச்சு சுத்தமா என் வயித்துல விழுந்திருக்கு, வாளய்யா."

ஜின்பெய்க்கு முதன்முறையாகக் காது சிவந்தது. அப்பா கதவைச் சாத்தியபோதுகூட அவனுக்குக் கோபம்தான் வந்தது. இங்கே, மாவு படிந்த இந்தக் கையைப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது.

"நான் என்ன செய்யணும்?"

"உலக்கை பிடிக்கிறவன் ஓடிட்டான். பிடிங்க."

சம்மட்டிபோல் தலை கனத்த மர உலக்கை. உரலில் ஆவி பறக்கும் ஒட்டரிசிச் சோறு. ஒருவர் குத்த வேண்டும். குத்துக்கும் குத்துக்கும் நடுவில் இன்னொருவர் ஈரக்கையை உரலுக்குள் விட்டு மாவைப் புரட்டிவிட வேண்டும். ஜின்பெய் குத்தினான், ஓஷிமா புரட்டினாள். முதல் நாளே அவன் தோள் அகலத்தைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "சாமுராய் மாவு இடிக்கிறாரு டோய்!" என்று பாட்டுக் கட்டினார்கள். மொன்யா தன் கூட்டத்தோடு வந்து நின்று, "தம்பி, மாவு திருப்பி அடிக்காது, பயப்படாம குத்து" என்று சொல்லிவிட்டுப் போனான். ஜின்பெய் பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினான்.

கடை மூடியதும் ஆற்றங்கரைக்குப் போய் மரவாளால் ஆயிரம் முறை வீசுவான். இன்னும் வேகம், இன்னும் பலம். அவன் கணக்கில் ஆசானின் மூன்றடியை வெல்ல ஒரே வழி அவரைவிட வேகமாக அடிப்பது. கோடைக்குள் கை இரும்பாகிவிட்டது. ஆனாலும் மனக்கண்ணில் ஆசானோடு மோதிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வாள் உத்தரத்துக்குத்தான் பறந்தது. அந்த எரிச்சலை யாரிடம் சொல்ல?

சில நாள் சாயங்காலம் ஒரு பெட்டியில் மோச்சி எடுத்துப்போய் அப்பா வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டு வருவான். மறுநாள் பெட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். பேச்சு மட்டும் கிடையாது.

இலையுதிர் காலத்தில் ஓஷிமாவுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. "வளைச்சுப் புரட்ட முடியலே. ரெண்டு கையால தூக்கிக் குத்த முடியும். நீங்க புரட்டுங்க" என்றாள்.

"நானா? அது பொம்பளைங்க வேலை."

"அப்படியா? கையை விட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கையை விட்டான். உலக்கை மேலே போனது. அவன் பார்வையும் மேலே போனது. அது இறங்க ஆரம்பித்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். மாவு புரளவே இல்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை வீம்புக்குக் கொஞ்சம் தாமதித்தான். விரல் நசுங்கியது. ஐயோ என்று கத்தினானே ஒரு கத்து, எதிர்க்கடை மீன்காரர் ஓடி வந்துவிட்டார்.

"வாளுக்குப் பயப்படாத ஆளு உலக்கைக்கு இப்படிப் பயப்படுறீங்களே" என்று ஓஷிமா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்க எப்படிப் புரட்டுறீங்க? அவ்வளவு வேகமா எப்படிப் பாக்குறீங்க?"

"யாரு பாத்தா? உலக்கையப் பாத்தா கை நசுங்கும். நான் பாக்கறதே இல்லே. குத்துறவங்க உலக்கையத் தூக்கும்போது மூச்சு இழுப்பாங்கல்ல, அப்போ என் கை உள்ளே. விடும்போது வெளியே. உங்க மூச்சு எனக்கு மனப்பாடம், வாளய்யா. எரிச்சலா இருந்தா ரெண்டு தடவை இழுப்பீங்க."

ஒன்பது மாதமாக அவன் பலத்தைக் காட்டிக் குத்தியிருக்கிறான். ஒவ்வொரு குத்துக்கு நடுவிலும் இந்தப் பெண் வெறுங்கையோடு உள்ளே போய் வந்திருக்கிறாள். ஒரு கீறல் இல்லை! ஜின்பெய் மறுபடி கையை நனைத்தான். கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்தான்.

மூச்சை இழுத்தாள். கை உள்ளே. விட்டாள். கை வெளியே. மாவு புரண்டது.

இருபது குத்து, முப்பது குத்து. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மூன்றடி! ஷிராயிவாவும் மனிதர்தானே. முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவில் அவரும் வாளைத் தூக்கியாக வேண்டும், மூச்சை இழுத்தாக வேண்டும். முப்பது வருஷமாக எல்லோரும் அவர் அடியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள், இடைவெளிக்குள் யாரும் போகவில்லை. அவன் கை உரலிலேயே நின்றுவிட்டது. வாய்விட்டுச் சிரித்தான்.

"அடப் பாவி, கையை எடுடா!"

உலக்கையைப் பக்கத்தில் திருப்பிப் போட்டாள் ஓஷிமா. காவலர் மகனை 'டா' போட்டுவிட்டோம் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா," என்றான் ஜின்பெய், அதுவும் முதல் தடவைதான், "இனிமே நான்தான் புரட்டுவேன். நீங்க ஏமாத்திக் குத்துங்க. தூக்கிட்டு நிறுத்துங்க, சீக்கிரமா போடுங்க, மூச்சை அடக்குங்க. என்ன வேணா பண்ணுங்க."

"கை போயிடும்டா."

"போனா போகட்டும்."

ஓஷிமா ஏமாற்றினாள் பாருங்கள், அப்படி ஏமாற்றினாள். வாங்க வருகிறவர்களிடம் பேசிக்கொண்டே குத்துவாள், தும்முவதுபோல் நடித்துக் குத்துவாள். இரண்டு விரல்களில் நகம் கறுத்து விழுந்தது. பன்னிரண்டாம் மாதம் பிறந்து ஊரே மோச்சிக்கு வரிசையில் நின்றபோது, ஜின்பெய் மீன்காரரோடு வழக்காடிக்கொண்டே, உரல் பக்கம் திரும்பாமலே புரட்டிக்கொண்டிருந்தான்.

புத்தாண்டு பதினோராம் நாள் காலை பனி விட்டிருந்தது. ஓஷிமா ஒரு புதுக் கண்ணாடி மோச்சியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். "வேண்டாம்னுதானே சொல்வாங்க? கொண்டுபோனதா இருக்கட்டும்" என்று சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டாள்.

கூடம் நிறைந்திருந்தது. வேலைக்கார வாசல் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் அப்பாவின் பழைய மேலங்கி தெரிந்தது. ஜின்பெய் அந்தப் பக்கம் போகவில்லை. நேரே நடந்துபோய், கவசத்துக்கு முன்னால் நெற்றி தரையில் பட வணங்கினான்.

"போன வருஷம் நான் செஞ்சது தப்பு. பெரியவர் சாவை நான் விளையாட்டாக்கிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஜெயிச்சாலும் தோத்தாலும் இதை முதல்ல சொல்லிடணும்னு வந்தேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ஷிராயிவா கிட்டே வந்து குனிந்தார். "கை என்ன ஆச்சு?" என்றார், கறுத்த விரல்களைக் காட்டி.

"மாவு புரட்டினேன் ஆசானே."

"தம்பி சண்டைக்கு வந்திருக்கானா, கொழுக்கட்டை பிடிக்க வந்திருக்கானா?" என்றான் மொன்யா. கூடம் கொல்லென்று சிரித்தது. ஜின்பெய்யும் சிரித்தான். அவனுடைய நீளவாளும் குட்டை வாளும் கவசத்துக்கு அருகில் வைக்கப்பட்டன. தோற்றால் அங்கேயே இருக்கும்.

மரவாள்கள் எதிரெதிரே நின்றன. ஆசானின் தோள் உயர்ந்தது.

முதல் அடி இறங்கியது. ஜின்பெய் அதை முழுதாகத் தடுக்கவில்லை. சரித்து விட்டான், இடது தோளில் பட்டு எலும்பு வரை எரிந்தது. அறுபது பேரும் ஹா என்றார்கள். அவன் காதில் அது விழவே இல்லை. ஆசானின் மூக்கிலிருந்து ஒரு சின்ன இழுப்பு, அது மட்டும்தான் விழுந்தது. உள்ளே போகக் காலை எடுத்தான். உடனே நிறுத்தினான். இழுத்த மூச்சு பாதியில் நின்றிருந்தது! ஷிராயிவா தூக்கிய வாளைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு அவனை எதிர்பார்த்துக் காத்திருந்தார். வாழ்நாளில் யாருக்கும் காட்டாத தாமதம். வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் மண்டை பிளந்திருக்கும்.

ஓஷிமா இந்த வேலையை முந்நூறு தடவை செய்திருக்கிறாள்.

ஜின்பெய் காத்திருந்தான். நிறுத்திய மூச்சோடு யாரும் குத்த முடியாது. மீதி மூச்சை இழுத்தே ஆக வேண்டும். இழுத்தார். அவன் இடது கை, விரல்கள் கறுத்த அந்தக் கை, உரலுக்குள் போவதுபோல் ஆசானின் இரு கைகளுக்கும் நடுவில் போய் வாள்பிடியைப் புரட்டியது. ஆசானின் வாள் அவன் தோளுக்குப் பின்னால் வெறும் காற்றில் சரிந்தது. ஜின்பெய்யின் மரவாளின் பிடி ஷிராயிவாவின் தொண்டைக்குழியில் மெல்லத் தொட்டு நின்றது.

ஷிராயிவா மெதுவாக மூச்சு விட்டார்.

"தோத்துட்டேன்" என்றார். அது எல்லோருக்கும் சரியாகக் கேட்டிருக்காதோ என்று சந்தேகம் வந்தாற்போல் திரும்பி, கூடத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். "ஷிராயிவா ஹ்யோகோ தோத்துட்டான்!"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு ஆரவாரம். மொன்யா வாயைப் பிளந்துகொண்டு நின்றான், பிறகு அவனே முதலில் தரையைத் தட்டிக் கத்தினான். அந்த நல்ல குணம் அவனுக்கு உண்டு. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று ஜின்பெய்யின் மனசு குதித்தது.

"யாருகிட்டடா கத்துக்கிட்டே?" என்றார் ஆசான்.

"பாலத்தடி ஓஷிமா அக்காகிட்ட."

கூப்பிட்டார்கள். மோச்சி மூட்டையை அணைத்துக்கொண்டு ஓஷிமா வந்து நின்றாள். "ஐயா, நான் ஒண்ணும் கத்துக்கொடுக்கலே. விரலை நசுக்கினேன், அவ்வளவுதான்."

ஷிராயிவா சிரித்தார். அவர் சிரித்து இந்த ஊர் பார்த்தது குறைவு. ஓஷிமாவின் மோச்சியைத் தன் கையாலேயே வாங்கி அண்ணனின் கவசத்துக்கு முன்னால் வைத்தார். "இனிமே இங்கே வேற கடை மோச்சி கிடையாது." பிறகு பத்து நாளாக இறுகியிருந்த பழைய மோச்சியைக் காட்டி மரச்சுத்தியை ஜின்பெய்யிடம் நீட்டினார். "திற."

ஜின்பெய் சுத்தியை ஓங்கவில்லை. மோச்சியைத் திருப்பித் திருப்பி விரலால் தடவினான். காய்ந்து தானாகவே விட்டிருந்த மயிரிழை வெடிப்பு ஒன்று தட்டுப்பட்டது. அந்த இடத்தில் ஒரு தட்டு. பொலபொலவென்று திறந்துகொண்டது.

அடுத்து பலகைகள். மடியிலிருந்து இரண்டையும் எடுத்தான். அன்று விடியற்காலையில் அப்பா வீட்டுப் பின்வாசலில், கழுவிக் கவிழ்த்த பெட்டியின்மேல் அவை இருந்தன. அப்பாவின் பலகையை முதலில், மேல்வரிசையில், இருபத்தைந்து வருஷம் புகை படாமல் வெளுத்துக் கிடந்த அதே இடத்தில் மாட்டினான். தன்னுடையதை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனான். நேற்றுச் சேர்ந்தவனின் பலகைக்கும் கீழே மாட்டினான்.

"டேய், ஆசானையே ஜெயிச்சவன் அங்கேயா?" என்றான் மொன்யா.

"இங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன் அண்ணே. போன தடவை சரியா ஆரம்பிக்கலே."

திரும்பிப் பார்த்தபோது தூணுக்குப் பின்னால் அப்பா இல்லை.

மதியம் மோச்சித் துண்டு போட்ட பயறுக் கஞ்சியை ஒரு பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். இரண்டு வாளும் இடுப்பில் இருந்தன. கால்கள் பழக்கப்படி சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போய் நின்றன. பாத்திரத்தைப் படியில் வைக்கக் குனிந்தான்.

"யாருடா அது, திருட்டுப் பயல் மாதிரி?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல் உடைந்து வந்தது. "எவ்வளவு நேரமா முன்வாசலைத் திறந்து வெச்சுக்கிட்டுக் குளிர்ல உக்காந்திருக்கேன். கஞ்சி ஆறுறதுக்குள்ள சுத்திக்கிட்டு வாடா!"

ஜின்பெய் ஓடினான்.